கமாப் பூ

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை. பகல் பன்னிரண்டு அடித்துவிட்டால் ஃபோன்த்-லெப்ரே ஊரில் நாய்கூடத் தெருவைக் கடக்காது. இடலீனா அடுக்களை ஜன்னல்களைச் சாத்திவிட்டு, மேஜையில் கிடந்த தக்காளிகளை ஓரமாக ஒதுக்கி, பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்து அதனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

கேலிக்குச் சொல்லவில்லை, பேச்சுதான் அது. திரையில் ஒரு வெள்ளை ஜன்னல். வரியின் தொடக்கத்தில் மூன்று அம்புக்குறிகள், "சொல்லு, என்ன வேணும்?" என்று காத்து நிற்கும். ஒரு வரி அடித்து எண்டர் தட்டினால் அடுத்த நொடியே பதில் கீழே வந்து நிற்கும். புரியவில்லை என்றால் சிவப்பு எழுத்தில் முறைக்கும். ஆனால் கோபத்தை மனதில் வைத்துக்கொள்ளாது, அடுத்த வரிக்கு மறுபடி அதே மூன்று அம்புக்குறி. மேலே போன பழைய வரியின் மீது கர்சரை வைத்து எண்டர் தட்டினால் அந்த வரி அப்படியே கீழே இறங்கி வந்து, "மாத்திக்கோ" என்று நிற்கும். இப்படி ஒரு பொறுமைசாலியை இடலீனா தன் நாற்பத்தேழு வயதில் வேறெங்கும் கண்டதில்லை. கட்டிக்கொண்டவனையும் சேர்த்துத்தான்.

தக்காளிக் கூழ் ஆலையை மூடியபோது, வேலையில்லாதவர்களுக்கென்று டவுனில் ஒரு வகுப்பு வைத்தார்கள். பதினொரு பேர் சேர்ந்தார்கள். பத்துப் பேர் உதவித்தொகைக்கான வருகைக் கையெழுத்துக்காகப் போனவர்கள். இடலீனாவும் அதற்காகத்தான் போனாள், ஆனால் மூன்றாம் நாள் அந்த ஆமையைக் காட்டினார்கள். பக்கத்தில் இன்னொரு ஜன்னல் திறக்கும், நடுவில் ஓர் ஆமை நிற்கும். "முன்னால் நூறு போ" என்று அடித்தால் கோடு இழுத்துக்கொண்டே போகும், "வலப்பக்கம் திரும்பு" என்றால் திரும்பும். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. இப்போது பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்துவிட்டது, ஆனாலும் ஆமையை விடவில்லை.

இந்தச் சனிக்கிழமை மட்டும் அது விளையாட்டாக இல்லை.

மார்ச் மாதத்தில் தேவாலயத்துக்கு முன்னாலிருந்த சதுக்கத்தின் அடியில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. குழாயைச் சரிசெய்யச் சதுக்கம் முழுக்கத் தோண்டினார்கள். வெள்ளையும் கறுப்புமாகக் கல்பதித்துப் போட்டிருந்த பழைய கோலம் போயே போய்விட்டது. கற்கள் மட்டும் சுவரோரம் இரண்டு குவியலாகக் கிடந்தன. கோலத்தின் மர அச்சுகளையாவது தேடலாம் என்றால், போன பிப்ரவரிக் குளிரில் அவற்றை அடுப்பில் வைத்தவனே குஸ்தோதியுதான். போட்டோ பார்த்துப் போடலாம் என்றால், இருந்த போட்டோக்களிலெல்லாம் கல்யாண ஜோடிகளின் கால்தான் தெரிந்தது.

குஸ்தோதியு, இடலீனாவின் கணவன், முப்பது வருடமாகக் கல்பதிக்கிறவன். ஊர்மன்றத் தலைவி டோனா சுல்மீரா அவனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூட்டம். அதில் ஒரு கோலத்தைக் காட்டினால் கல்லு. இல்லாவிட்டால் சிமெண்ட், லாரிக்குச் சொல்லியாகிவிட்டது. ஆகஸ்டில் திருவிழா, பல்லக்கு அந்த வழியாகத்தான் போகவேண்டும்.

கல்லு என்றால் குஸ்தோதியுவுக்கு உள்ளூரிலேயே வேலை, இதைப் பார்த்துப் பக்கத்து ஊர்க்காரர்களும் கூப்பிடுவார்கள். சிமெண்ட் என்றால் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் லக்ஸம்பர்க். இரண்டு வருட ஒப்பந்தத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தான். இதற்குமுன் ஒருதரம் நாலு குளிர்காலம் போயிருக்கிறான். அந்த நாலு வருடமும் இடலீனா நின்றுகொண்டேதான் சாப்பிட்டாள். எதிரில் ஆளில்லாத மேஜையில் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. இன்னொரு முறை அது அவளால் ஆகாது.

கதவைத் தள்ளிக்கொண்டு குஸ்தோதியு வந்தான். தொப்பி, புருவம், மீசை எல்லாம் கல்தூசி. நேராகப் பானைத் தண்ணீரில் முகத்தை முக்கினான்.

"என்ன சொல்லுது உன் ஆமை?"

"நட்சத்திரம் போட்டிருக்கு. வந்து பாரு."

துண்டால் முகத்தைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தான். "முடியாது."

"பார்த்து முடிக்கல, அதுக்குள்ள முடியாதா?"

"இந்த முனையப் பாரு. கோட்டைக் கோடு வெட்டுற இடத்துல கல்ல ஊசி மாதிரி சீவணும். ஒரு மழைக்கு எழும்பி வந்துடும். அப்புறம் எவளாவது குதிகால் செருப்போட விழுந்து என் வம்சத்தையே திட்டுவா."

"அலை?"

"அலைக்கோலம் இல்லாத ஊரு இந்த நாட்டுல எது? சுல்மீரா அம்மா சிரிப்பாங்க."

"கட்டம்?"

"கட்டம் போட்டா குளியலறைங்குற நினைப்பு வந்துடும்."

"உனக்கு எதுதான்யா ஆகும்?"

"என்னைக் கேட்டா? நான் முழங்கால் போட்டுக் கல் அடுக்குறவன். வரையத் தெரிஞ்சா நான் ஏன் முழங்கால் போடுறேன்?"

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நீலப் பெட்டி பாதி அடுக்கியபடி திறந்து கிடந்தது. இரண்டு பேரும் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்களே தவிர, அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு எர்மீனியு வந்தான். இடலீனாவின் தம்பி, தச்சன். கோலம் முடிவானால் அச்சு வெட்டவேண்டியவன் அவன்தான். ஒரு கையில் மத்தி மீன் பொட்டலம், இன்னொரு கையில் அளவெடுக்கும் மடக்குக் கோல். சமையலறையில் இருந்த மூன்று நாற்காலியில் எது ஆடாது என்று சோதித்துப் பார்த்து அதில் உட்கார்ந்தான்.

"அக்கா, பலகை இருக்கு. நல்ல ஒட்டுப்பலகை. ஆனா அகலம் நூத்தி அம்பத்தொரு சென்டிமீட்டர்தான். அதுக்குள்ள அடங்குற மாதிரி வரை."

"நூத்தி அம்பத்தொண்ணா? அது என்னடா கணக்கு?"

"மிச்சம் விழுந்த பலகைக்குக் கணக்கு வேற இருக்கணுமா? ஒரு பக்கம் மச்சான் அடுப்புல வெச்சிருப்பாரு."

"என்கிட்ட வம்பு பண்ணாதே மாப்பிள்ளை, ஏற்கெனவே வெயில்" என்றான் குஸ்தோதியு.

இடலீனா யோசித்தாள். ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும் இருபத்து நாலு வட்டங்கள், ஒவ்வொன்றும் பதினைந்து டிகிரி திரும்பினால், பெரிய சக்கரமாக வரும். வகுப்பில் ஒருதரம் போட்டுப் பார்த்திருக்கிறாள். அப்படி வரும் சக்கரத்தின் அகலம் வட்டத்தின் ஆரத்தைப்போல நாலு மடங்கு. வெள்ளை ஜன்னலில் 151-ஐ நாலால் வகுக்கச் சொன்னாள். பதில் வந்து நின்றது. ரொட்டி வந்த காகிதப் பையைக் கிழித்து, பென்சிலால் அந்த எண்ணைக் குறித்துத் தம்பியிடம் நீட்டினாள்.

"முப்பத்தேழு கமா எழுபத்தஞ்சு" என்று வாசித்தான் எர்மீனியு. முப்பத்தேழே முக்கால். எங்கள் பக்கத்தில் முழு எண்ணுக்கும் மிச்சத்துக்கும் நடுவே கமாதான் போடுவோம். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான், தராசில் அப்படித்தான், மருந்துச் சீட்டிலும் அப்படித்தான்.

"மறுபடி சொல்லு, அடிக்கிறேன்."

அவன் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தான். அவள் அதைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். இருபத்து நாலு தரம் செய், ஒவ்வொரு தரமும் ஒரு வட்டம் போடு, பிறகு வலப்பக்கம் பதினைந்து டிகிரி திரும்பு. எண்டர்.

ஆமை கிளம்பியது. வட்டமாகச் சுற்றிவரும் என்று பார்த்தால், ஒரு வளைவு போட்டு நின்றது. கொஞ்சம் திரும்பியது. இன்னொரு வளைவு. மறுபடி நின்றது. ஆறாவது வளைவில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

திரையில் ஆறு இதழில் ஒரு பூ. நல்ல கொழுத்த இதழ்கள். ஆமை விடாமல் அதே பூவின் மேல் இன்னும் மூன்று சுற்று சுற்றி முடித்தது.

"நான் சக்கரம்ல கேட்டேன்" என்றாள் இடலீனா.

குஸ்தோதியு பக்கத்தில் வந்தான். குனிந்து, கல்தூசி படிந்த விரலைத் திரையில் வைத்து, ஒவ்வொரு இதழாகத் தடவிக்கொண்டு போனான்.

"அழுக்காக்காதய்யா!"

"இடா, இதுல கோட்டைக் கோடு வெட்டல."

"அதனால?"

"ஆறு வளைவும் ஒரே வளைவு. ஒரே ஒரு சின்ன அச்சு போதும். மணல்ல வெச்சுக் கறுப்பு அடுக்கு, திருப்பு, மறுபடி அடுக்கு. ஆறாவது தரம் பூ முடிஞ்சுது." அவன் குரல் ஏறிக்கொண்டே போனது. "குறுக்களவு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. மாப்பிள்ளை, சதுக்கம் முழுக்கப் போடலாம், நடுவுல வெள்ளை!"

"அப்படின்னா அந்தப் பலகைல இருபது அச்சு வெட்டலாமே!"

"ஆனா இது ஏன் சக்கரமா வரல?" இடலீனா விடவில்லை.

"கேட்டத விட்டுட்டு நல்லதக் குடுத்திருக்கு. நோண்டாதே தாயே!"

அவன் அவளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். அவன் சட்டையிலிருந்த கல்தூசியெல்லாம் அவள் முகத்தில். தம்பி எதிரில் இருக்கிறானே என்று தள்ளிவிட்டாள், ஆனால் மெதுவாகத்தான் தள்ளினாள்.

கொல்லையில் கரி மூட்டி மத்தி சுட்டார்கள். உப்பு வெடித்துப் புகை எழுந்தது. ரொட்டித் துண்டின்மேல் மீனை வைத்து, முள்ளை விரலால் இழுத்துப் போட்டுவிட்டு, எண்ணெய் ஊறிய ரொட்டியைக் கடைசியில் தின்றார்கள். தக்காளியையும் வெள்ளரிக்காயையும் நறுக்கிப் போட்ட குளிர்ந்த சூப்பில் எர்மீனியு மூன்று கிண்ணம் குடித்தான். உள்ளே வந்து பார்த்தால் லேப்டாப் சூடு தாங்காமல் தானாகவே அணைந்து கிடந்தது. வெள்ளை ஜன்னலும் அதிலிருந்த வரிகளும் போய்விட்டன.

"சேமிச்சு வைக்கலையாக்கா?"

"நாலு வரிடா. தூக்கத்துலகூட அடிப்பேன்" என்றாள். அந்த ரொட்டிக் காகிதத்தில்தான் மீன்முள்ளைப் பொட்டலம் கட்டிப் பூனைக்குப் போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே மன்றத்துக்கு வந்தது. சுவரில் பெரிய திரை. இடலீனா வெள்ளைப் புள்ளி போட்ட நீலச் சட்டையில் வந்திருந்தாள். ஊருக்கு முன்னால் தப்பாகிவிடக்கூடாது என்று வகுப்பு நோட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டாள். அதன் முதல் பக்கத்திலேயே வாத்தியார் சொல்லச் சொல்ல இரண்டு தரம் அடிக்கோடிட்டு எழுதிய வரி இருந்தது. பின்னத்துக்குக் கமா கூடாது, புள்ளிதான். அவள் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, புள்ளி வைத்து அடித்தாள். எண்டர்.

ஆமை ஒரு முழு வட்டம் போட்டது. இன்னொன்று. இன்னொன்று. இருபத்து நாலும் முடிந்தபோது சுவர் முழுக்கச் சரிகை பின்னியதுபோல ஒரு சக்கரம் நின்றது.

ஊர் கைதட்டியது. "ஆகா!" என்றார் டோனா சுல்மீரா. "குஸ்தோதியு, இவ்வளவு பிரமாதமா இருக்கும்னு நான் நினைக்கல. இதையே போட்டுடலாம். கை தூக்குங்க!"

குஸ்தோதியுவின் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து நின்றான். "அம்மா, மன்னிக்கணும். இதப் போட முடியாது."

"என்னது?"

"இது இல்ல நாங்க கொண்டுவந்தது. இதுல நூறு இடத்துல கோடு வெட்டுது. கல்ல மாவா அரைச்சாதான் நிரப்ப முடியும்."

"நீங்களே கொண்டுவந்துட்டு நீங்களே முடியாதுங்குறீங்களா? என்னப்பா வேடிக்கை இது?"

"பூவு கொண்டுவந்தோம்மா. ஆறு இதழ்."

"பூ எங்கே?"

எல்லோரும் இடலீனாவைப் பார்த்தார்கள். அவள் பழைய வரியைக் கீழே இறக்கி மறுபடி தட்டினாள். மறுபடி சக்கரம். டிகிரியை மாற்றினாள், வேறொரு சக்கரம். இன்னொரு தரம் மாற்றியபோது சிவப்பு எழுத்து. வியர்வை கண்ணில் இறங்கியது. குஸ்தோதியு உட்காரவும் தோன்றாமல் தொப்பியைக் கசக்கியபடி நின்றான். அவள் கண்ணுக்குத் திரையோ சக்கரமோ படவில்லை, பாதி அடுக்கிய நீலப் பெட்டிதான் பட்டது.

"இடலீனா, எனக்கு உங்க ரெண்டு பேர் மேலயும் மரியாதை உண்டு" என்றார் சுல்மீரா, கொஞ்சம் தணிந்த குரலில். "ஆனா நாளைக்கு லாரிக்காரன் ரெண்டுல ஒண்ணு கேப்பான்."

கடைசி வரிசையிலிருந்து எர்மீனியுவின் குரல் கேட்டது. "அக்கா, முதல்ல அந்த எண்ணை ஒழுங்கா எழுது. ஊர் பார்க்குது."

"என்னடா ஒழுங்கு?"

"முப்பத்தேழு, புள்ளி, எழுபத்தஞ்சா? எந்த ஊர்ப் பழக்கம் அது? நேத்து காகிதத்துல சரியாத்தானே எழுதிக் குடுத்தே, முப்பத்தேழு கமா எழுபத்தஞ்சுன்னு."

"மெஷினுக்குப் புள்ளிதான்டா வைக்கணும். கமா வெச்சா அதுக்கு…"

பேச்சு அப்படியே நின்றது. நேற்று அடித்தது எதைப் பார்த்து? ரொட்டிக் காகிதத்தைப் பார்த்து.

புதிய வரியில் வட்டத்துக்கான சொல்லை அடித்து, அடைப்புக்குறியைத் திறந்தாள். திறந்த உடனே வழக்கம்போல அதனடியில் சின்ன மஞ்சள் சீட்டு ஒன்று எட்டிப் பார்த்தது. உள்ளே என்னென்ன எழுதலாம் என்று அந்த ஜன்னல் தானாகவே நீட்டும் குறிப்பு. ஆறு மாதமாக அதை ஈ விரட்டுவதுபோல ஒதுக்கிக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான் நின்று படித்தாள். ஆரம், ஒரு கமா, வீச்சு.

"அட கழுதை!" என்றாள். மன்றம் முழுக்கக் கேட்டது.

"யாரைச் சொல்றே?" என்றார் சுல்மீரா.

"என்னையத்தாம்மா! இங்க பாருங்க. இது ரெண்டு எண்ணு வாங்கிக்கும். முதல் எண்ணு, வட்டம் எவ்வளவு பெருசு. ரெண்டாவது, எத்தனை டிகிரி வரைக்கும் போகணும். நான் முப்பத்தேழே முக்கால்னு நினைச்சுக் கமா போட்டேன். அது என்ன பண்ணுச்சு, அளவு முப்பத்தேழு, எழுபத்தஞ்சு டிகிரி போனா போதும், அதோட நில்லுன்னு எடுத்துக்கிச்சு! முழு வட்டம் போடாம வளைவு வளைவா போட்டுச்சு!"

பேசிக்கொண்டே அடித்தாள். கமா. எண்டர்.

ஆமை வளைந்து நின்றது. திரும்பியது. வளைந்தது. ஆறாவது இதழ் மூடும்போது கைதட்டல் வரவில்லை, முதலில் ஒரு பெரிய மூச்சுதான் வந்தது. பிறகுதான் மன்றம் அதிர்ந்தது. "இதான்! இதான்!" என்று கத்தியவன் குஸ்தோதியு. தொப்பியை மேலே எறிந்தான், அது மின்விசிறியில் பட்டுப் பாதிரியார் மடியில் போய் விழுந்தது.

"இதைப் போட முடியுமா?" என்றார் சுல்மீரா.

"கண்ணைக் கட்டிக்கிட்டுப் போடுவேன்மா!"

"கட்டிக்க வேண்டாம், பார்த்தே போடு. குறிப்பேட்டுல என்ன பேருன்னு எழுத?"

இடலீனா வாயைத் திறப்பதற்குள் எர்மீனியு முந்திக்கொண்டான். "கமாப் பூவுன்னு எழுதுங்க தலைவரம்மா. எங்க அக்கா தப்பா எழுதுனதாலதான் பூத்துச்சு."

"தப்பா? நம்ம ஊர் வழக்கப்படி எழுதினேன்டா!"

மன்றத்தில் தூக்காத கை ஒன்றுகூட இல்லை. பாதிரியார் தொப்பியைப் பிடித்த கையையே தூக்கினார்.

அன்று மாலைக்குள் எர்மீனியு முதல் அச்சை வெட்டிக் கொடுத்துவிட்டான். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, இடலீனா காப்பியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு சதுக்கத்துக்கு வந்தபோது, குஸ்தோதியு கயிறு கட்டி முடித்து, சின்ன முக்காலியில் குந்தி, இடது உள்ளங்கையில் கறுப்புக் கல்லை உருட்டி உருட்டிச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். மணலில் இரண்டு இதழ் ஆகியிருந்தது. காற்றில் இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி மிச்சமிருந்தது.

பஸ் வந்தது. சதுக்கத்தின் வாயில் நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"யோவ் குஸ்தோதியு! லிஸ்ட்ல உன் பேரு இருக்கு. பெட்டி எங்கே?"

"வீட்டுல காலியா இருக்கு!"

"வரலையா நீ?"

"வேலைல இருக்கேன், தெரியல?"

"சரி, கயித்த அவிழு. வண்டி போகணும்."

"கயிறு நேரா நிக்கறதுக்கு ஒரு மணி நேரமாச்சு. அவிழ்க்க மாட்டேன். கல்லறைத் தெரு வழியா சுத்திப் போ."

"லக்ஸம்பர்க் போற வண்டியக் கல்லறைப் பக்கம் அனுப்புறியே, நல்லா இருப்பியா?"

"நல்லா இருப்பேன். நீயும் நல்லா இருந்து பத்திரமா போயிட்டு வா!"

டிரைவர் என்னவோ திட்டிவிட்டுச் சிரித்தான். வண்டியைப் பின்னால் எடுத்தான். இடலீனா காப்பிப் பாத்திரத்தைக் கல்குவியலின் மேல் வைத்துவிட்டு, கணவனுக்கு எதிரில் மணலிலேயே உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து முதல் துண்டைத் தானே வாயில் போட்டுக்கொண்டாள். கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது, எதையும் அவள் மறைக்கவில்லை. தெருமுனையில் பஸ் திரும்பியது. மூன்றாவது வரிசையில் ஜன்னலோரமாக, ஒரு காலி இருக்கை லக்ஸம்பர்க் கிளம்பிப் போனது.